இவர்கள் ஒரே நபரா?

பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றிய நாளிலிருந்து திலகாவின் லேப்டாப் கொதித்தது. உள்ளே விசிறி ஓயாமல் இரைந்தது. சரிபார்க்க வந்த பிரிட்டோ, பின்னணியில் ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்து முதல் வரியைத் தொட்டுக் காட்டினான்.

"இதுதான்க்கா. ப்ராசஸர்ல எண்பத்தேழு சதவீதத்த இது ஒண்ணே முழுங்குது. ஃபோட்டோவுல இருக்கற முகத்தையெல்லாம் ஆள் ஆளாப் பிரிக்கற வேலை. எங்கயோ சிக்கிக்கிட்டு நிக்குது."

சிக்கிய இடத்தைத் திறந்தான். ரெட்டைச் சடை போட்ட இரண்டு சிறுமிகளின் முகங்கள் அருகருகே வந்தன. கீழே ஒரு கேள்வி: இவர்கள் ஒரே நபரா?

"இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டீங்கன்னா அடங்கிரும்."

திலகாவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் "நீ திலகாவா, தமயந்தியா?" என்று எந்த டீச்சர் கேட்டாலும், இரட்டையர் இருவரும் ஒரே குரலில் "ஆமா டீச்சர்" என்பார்கள். போன தை மாதம் தமயந்தி இறந்தபிறகு அந்தக் கேள்வியைத் திலகாவிடம் யாரும் கேட்டதில்லை.

அதே குறும்போடு 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

விசிறி நின்றது. அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, திலகா என்ற ஒரே பெயருக்குக் கீழே அடங்கின.

"அவ்வளவுதான்க்கா. இனிமே சுடாது," என்று பிரிட்டோ பையைத் தோளில் மாட்டினான்.

ஆறிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மேல் திலகா உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"தம்பி, அந்த முகம் பிரிக்கற வேலைய மறுபடி ஓட விட முடியுமா?"