பீப்பாய் நின்ற இடம்

"அந்தக் கை முடிஞ்சுபோச்சுப்பா. இனிமே அதுல சட்டைதான் மாட்டலாம்" என்றான் லானி, கத்தரியை நிறுத்தாமல்.

முடிதிருத்தும் கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை தோற்ற ஆட்டம் ஊரில் யாருக்கும் இன்னும் செரிக்கவில்லை.

பேச்சு வேட் ஹாலரனைப் பற்றி. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக். பதினைந்து வருடமாக அந்த அணிக்குப் பந்து எறிகிறவர். வயது முப்பத்தொன்பது.

"போன வருஷம் அறுபது கெஜம் பறந்த பந்து, இப்ப நாற்பத்தஞ்சுலயே மூச்சு வாங்குது" என்றார் தபால்காரர் கர்ட்டிஸ். "என் தபால் பையைத் தூக்கி எறிஞ்சாகூட இதைவிடத் தூரம் போகும்."

"ஏரிக் காத்து எதிர்ல அடிச்சுதுங்க" என்றார் ஒருவர்.

"காத்தா? என் தொப்பிகூட அசையல!" என்றார் கர்ட்டிஸ். "பாவம் டெரல். ஓடிப்போய், நின்னு, திரும்பிப் பார்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்துக்கிட்டிருந்தான். பந்து வர்றதுக்குள்ள எதிராளி வந்து தட்டிவிட்டுட்டான்."

டெரல் பிக்கெட் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன். கண்ணாடியில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்திலும் அப்படித்தான் நின்றான். இரண்டு கையையும் நீட்டி, வானத்தைப் பார்த்தபடி.

ரேடியோவில் அவன் குரலே வந்தது. லானி சத்தத்தைக் கூட்டினான்.

"வேட் எனக்கு அண்ணன் மாதிரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் நிக்க வேண்டிய இடத்துல நின்னேன். பந்து வரல. அவ்வளவுதான்."

"கேட்டீங்களா! கூட ஆடுறவனே சொல்லிட்டான்."

"கோச்சும் சொல்லிட்டாராம். வர்ற ஞாயிறு நீளமா எறிஞ்சு காட்டணும். இல்லேன்னா அதுக்கப்புறம் புதுப் பையன்தான். வேட் பெஞ்ச்ல உக்காந்து தண்ணி குடிக்கலாம்."

நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த எம்மெட் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். மைதானத்தில் பந்துகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"பெரிசு, தினம் பக்கத்துல நின்னு பாக்குறீங்க. கை போச்சா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க" என்றான் லானி.

"எனக்குப் பந்துக்குக் காத்தடிக்கத்தான் தெரியும்" என்றார் எம்மெட். "காதோரம் இன்னும் கொஞ்சம் குறைச்சு விடு."

செவ்வாய் ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. எம்மெட் மைதானத்துக்குத் திரும்பியபோது அறுபதாயிரம் இருக்கைகளும் காலியாக இருந்தன. நடுவில் வேட் மட்டும். காலருகே பந்துப் பை.

முன்பெல்லாம் செவ்வாய்தோறும் டெரலும் வருவான். வேட் எறிவதைப் பிடிப்பான். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவன் வருவதில்லை. அவன் நிற்கும் இடத்தில் இப்போது ஒரு தகரப் பீப்பாய் நின்றது.

வேட் எறிந்தார். அறுபது கெஜத்துக்கு அப்பால் 'டங்' என்றது பீப்பாய். அடுத்ததற்கும் 'டங்'. பன்னிரண்டு பந்துகளில் ஒன்பது அதில் பட்டன. மிச்சம் மூன்றும் அதைத் தாண்டிப் போய் விழுந்தன.

எம்மெட் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"முடி வெட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க!" என்றார் வேட். "கடையில என்னைப் பத்தி என்ன பேச்சு?"

"உன் கையில இனிமே சட்டைதான் மாட்டலாமாம்."

வேட் சிரித்தார். அந்தச் சிரிப்பு காலி இருக்கைகளில் மோதி அவரிடமே திரும்பி வந்தது.

"ரேடியோவுல டெரல் பேசினான், தம்பி."

"நானும் கேட்டேன்."

"நான் போய்ச் சொல்லிடட்டுமா? முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அவனுக்கு வேகம் இல்லன்னு? நீ பழைய இடத்துக்கே எறிஞ்சா பந்து விழுந்தப்புறம்தான் அவன் வந்து சேருவான். அதான் நீ வேணும்னே குறைச்சு எறியுற. எல்லாரும் உன் கையைப் பாக்குறாங்களே தவிர, ஒருத்தன்கூட அவன் காலைப் பாக்கல."

"பாக்க வேண்டாம்னுதானே?" என்றார் வேட்.

"அது அவனுக்காவது தெரியுமா?"

"தெரிஞ்சா மனசு விட்டு ஓடுவானா?"

வேட் ஒரு பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "என்னை அனுப்பினா வயசாயிடுச்சும்பாங்க. அதுல ஒண்ணும் புதுசு இல்ல. அவனுக்கு இருபத்தெட்டு. கால் போச்சுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்த அணியும் கூப்பிடாது. அடுத்த வருஷம் பழைய வேகம் வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. அதுவரைக்கும் ஓட்டணும்."

"அப்ப இந்த ஞாயிறு? நீளமா எறியலேன்னா உன்னை உக்கார வெச்சுருவாங்களே!"

வேட் கையிலிருந்த பந்தைப் பையில் போட்டார். தூரத்தில் தனியாக நின்ற பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "எம்மெட், அதைப் பதினஞ்சு கெஜம் கிட்டத் தள்ளி வைங்க... இல்ல, பதினாறா வைங்க. டெரல் முன்னாடியே வந்து நின்னு காத்திருக்கிற மாதிரி தெரியணும்."