மணல்திட்டில் ஒரு ஆள்

சைரன் மூன்றாவது முறையும் ஊதி ஓய்ந்தது. ஆற்று மணல்திட்டில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை.

அணையின் ஷட்டர் ஆபரேட்டர், கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியே இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். ஒரு கறுப்புக் குடை. அதற்குக் கீழே மடக்கிய இரண்டு கால்கள். அவ்வளவுதான்.

போன் அடித்தது.

"என்னய்யா, திறந்தாச்சா?" என்றார் அதிகாரி.

"ஆத்துக்குள்ள ஆள் இருக்கு சார். ஆள் இருந்தா ஷட்டரைத் தூக்கக் கூடாதே."

"யாரது?"

"இங்கேர்ந்து முகம் தெரியலை சார்."

அது பொய்யில்லை. குடை மறைத்திருந்தது.

நாளைக் காலை தண்ணீர் திறப்பதாகத்தான் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாளை அதிகாரியின் மைத்துனிக்குக் கல்யாணம். இன்றே திறந்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் முந்தினால் யார் குடி முழுகிவிடும் என்று காலையில் போனில் கேட்டார்.

ஆபரேட்டரின் கண் மணல்திட்டுக்குப் போனது. முழுகத்தான் போகிறது.

மணல்திட்டில் ஆலாக்கள் குடியிருந்தன. கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாத பறவை. வெறும் மணலில் ஒரு குழி, அதில் முட்டை, தீர்ந்தது வேலை. பெரும்பாலான குஞ்சுகள் பறந்துவிட்டன. கடைசியாகப் பொரித்தவை மட்டும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடுவதும், ஒரு முழம் எழும்பித் தொப்பென்று விழுவதுமாக இருந்தன.

இன்னும் ஒரு நாள் கிடைத்தால் தேறிவிடும் போலிருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இந்தக் காட்டில் எவன் இருப்பான் என்று முதலில் மாற்றல் கேட்டு அலைந்தவர்தான் ஆபரேட்டர். பிறகு எப்போது என்று தெரியாமல் ஆறு அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் சத்தம் மாறி விழிப்பு வந்துவிடும்.

சாமி கும்பிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் ஷட்டர் பொத்தானில் கை வைப்பதற்கு முன் ஆற்றை ஒரு தடவை பார்ப்பார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. இன்னொருத்தர் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று குரல் கொடுப்போமே, அந்த மாதிரி.

பொத்தான் அரசாங்கத்தினுடையது. அழுத்துகிற விரல் தன்னுடையது. இது அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

மறுபடியும் போன். காவலாளியை அனுப்பி அந்த ஆளை அப்புறப்படுத்தச் சொன்னார் அதிகாரி.

காவலாளி படியிறங்கிப் போனார். திட்டுக்குச் சற்று முன்பே நின்றார். குடைக்காரரிடம் ஏதோ பேசினார். மூச்சு வாங்க மேலே வந்து ஆபரேட்டரை ஒரு பார்வை பார்த்தார். ஆபரேட்டர் போனை அவரிடம் நீட்டினார்.

"வர மாட்டேங்கிறாங்க சார். பொம்பளை சார். கையைப் புடிச்சு இழுக்கவா முடியும்?" என்றார் காவலாளி. "போலீசா? இந்த ரோட்டுல அவங்க வந்து சேர்றதுக்குள்ள இருட்டிரும் சார்."

இருட்டிய பிறகு ஷட்டரைத் தொடக் கூடாது. அது அதிகாரிக்கும் தெரியும்.

போன் திரும்பவும் ஆபரேட்டர் கைக்கு வந்தது.

"உனக்குத் தெரிஞ்சுதான் எல்லாம் நடக்குதுன்னு மட்டும் எனக்குத் தெரிய வரட்டும், வேலை போயிரும். பாத்துக்க."

வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் ஆறு போகும். அந்தக் கடைசி நினைப்பில் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

உச்சி வெயிலில் அவருடைய பணி நேரம் முடிந்தது. பொத்தான் பெட்டியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கடைசிப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். மணல் நிறத்தில் மணலோடு மணலாகக் கிடக்கும் குஞ்சுகள். கொஞ்சம் அசந்தால் மிதித்துவிடலாம். தாய்ப் பறவை ஒன்று கத்திக்கொண்டே வந்து அவர் வழுக்கையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. அவர் அதை ஒன்றும் சொல்லவில்லை. அதன் வீடு.

குடைக்குக் கீழிருந்து அவர் மனைவி எழுந்தாள்.

"காலு ரெண்டும் மரத்துப் போச்சு. இவ்வளவு நேரமா?"

"வேலை போயிரும்கிறார்."

"போறப்ப பாத்துக்கலாம். சாவியைக் குடுங்க."

"ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்."

"மேல போய்ச் சாப்பிட்டுக்கறேன். நேரமாச்சு."

அவள் குடையைக் கொடுத்தாள். அவர் சாவியையும் தூக்கையும் கொடுத்தார்.

அந்த அணைக்கு இரண்டே ஆபரேட்டர்கள். காலைப் பணி அவருக்கு. மதியப் பணி அவளுக்கு.

அவள் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் மணலில் உட்கார்ந்தார். குஞ்சு ஒன்று அவர் பாதத்தின் மேல் ஏறி ஓடி, இறக்கையை அடித்து, கொஞ்ச நேரம் காற்றில் நின்று, விழுந்தது.

மேலே போன் அடித்தது. லைன் சரியில்லை போலிருக்கிறது, அவள் கத்திப் பேசுவது கீழே வரை கேட்டது.

"ஆமாங்க சார், அந்தம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்ப வேற யாரோ ஒரு ஆம்பளை வந்து உக்காந்திருக்கார்."

அவர் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.