காதுக்கும் தோளுக்கும் நடுவில்

டாக்டர் அவளுடைய தலையை இடப்பக்கம் சாய்த்து, உச்சியில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீரென்று இழுத்தது. தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் கழுத்தெலும்பை டாக்டர் கையில் எடுத்தார். அடுக்கிவைத்த எலும்புகளின் இரு பக்கமும் சின்னச் சின்னத் துவாரங்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு நரம்பு வெளியே வந்து தோளுக்கும் கைக்கும் இறங்குகிறது.

தலை நேராக இருந்தால் நரம்புக்குத் தாராளமாக இடம் உண்டு. ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்துத் துவாரம் குறுகும். எப்போதாவது என்றால் பாதகமில்லை. வருஷக்கணக்கில் சாய்த்தே வைத்திருந்தால் நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி, எலும்பின் விளிம்பு தடித்து, நரம்பு நசுங்கும்.

அதனால்தான் துணியைத் தள்ளிக்கொடுக்கும் இடது கை மரத்துப்போயிருக்கிறது. போன வாரம் விரலில் மிஷின் ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்து அலறியவர் எதிரே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த கணவர்தான்.

"ஒரே பக்கமா சாய்ச்சு அப்படி என்னம்மா வேலை?"

அவள் தரையைப் பார்த்தாள். கணவர் முந்திக்கொண்டார்.

"வேலையில்ல டாக்டர், போன். இடுக்கிக்கிட்டு மக கூடப் பேசிக்கிட்டே தைப்பா. தினமும். ஆத்தாளும் மகளும் அப்படி என்னதான் அளப்பாங்களோ."

அலுத்துக்கொள்வது போலச் சொன்னாலும் குரலில் பெருமை இருந்தது.

டாக்டர் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. நழுவாமல் இருக்க லேசாகப் பிடித்தால் போதுமே, இவ்வளவு இறுக்குவானேன் என்று கேட்டார். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

இனியும் இடுக்கினால் கை விளங்காமல் போய்விடும், தையலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்பீக்கர்லயே போடேன். வீட்டை விட்டுப் போன்னு சொன்னவன் நான்தான், என்கிட்ட அவ பேச வேணாம். பக்கத்துல இருக்கேன்னே சொல்லாத. குரலை மட்டும் கேட்டுக்கறேன்."

அவள் போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினாள்.

கழுத்தைச் சாய்த்தாள். தோளை உயர்த்தினாள். கட்டைவிரல் வரை சுரீரென்றது. இன்னும் இறுக்கினாள்.

காதோடு வைத்திருந்தாலும் போனிலிருந்து குரல் கசியும். பக்கத்தில் இருப்பவருக்கு வார்த்தை புரியாது. ஆனால் பேசுவது ஆளா, சொன்னதையே சொல்லும் இயந்திரமா என்பது தெரிந்துவிடும். கன்னமும் தோளும் சேர்ந்து இடைவெளியே இல்லாமல் மூடினால்தான் கசியாது.

நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. மகள் போன மறுவாரத்திலிருந்து கேட்கும் அதே குரல்.

"ம், சொல்லு கண்ணு," என்றாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, கழுத்தைத் திருப்ப முடியாமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கணவரிடம் சொன்னாள்.

"உங்களைத்தான் விசாரிக்கிறா."