விழுந்த இடத்துக்கு அப்பால்

அகழாய்வுக் குழியின் மேல் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டினால் தரை கட்டங்களாகப் பிரியும். கட்டத்தில் இருப்பதை அப்படியே தாளில் வரைய வேண்டும். ஒன்றை விடவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. வரைபடக்காரி இந்த வேலையில் புலி.

நேற்று அவள் வரைந்தது பதினொரு குழந்தைக் காலடிகள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணில் பதிந்து இறுகியவை. கடைசியில் இரண்டு முழங்கால்கள், இரண்டு உள்ளங்கைகள். குழந்தை விழுந்திருந்தது. அதற்கப்பால் வெறும் தரை.

அவளுக்கு அதன்பின் வேலை ஓடவில்லை. வீட்டில் இரண்டரை வயது மகளும் விழுந்தவள்தான். இரண்டு மாதமாகக் காலை ஊன்றவே மாட்டேன் என்கிறாள். எலும்பில் கோளாறில்லை, பயம்தான் என்றார் மருத்துவர்.

"காலுக்கும் அடின்னு பேரு, அளவுக்கும் அடின்னு பேரு. விழுந்தா படுறதும் அடிதான்" என்றார் மேற்பார்வையாளர்.

"சார், நானே நொந்துபோயிருக்கேன். கடிக்காதீங்க."

இன்று காலை தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளங்கைகளுக்கு அப்பால் மேலும் மூன்று காலடிகள் இருந்தன. மற்றவற்றைப் போலவே கல்லாக இறுகியிருந்தன; அதே சுண்ணாம்புப் படலம் மூடியிருந்தது.

"நேத்து வரையும்போது தூங்கிட்டியாம்மா?"

நேற்றைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பதினொன்றுதான். மேற்பார்வையாளர் குனிந்து மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இருக்கறத வரைஞ்சிடு" என்றார்.

அவள் வரைந்தாள். முதலிரண்டும் சற்றுக் கோணல். மூன்றாவது குதிகால் முதல் விரல்வரை அழுத்தமாக ஊன்றியிருந்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கணவனை அழைத்தாள்.

"பாப்பா எங்க?"

"என் இடுப்புலதான். வேற எங்க?"

"கீழ இறக்கி விடுங்க. கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து கூப்பிடுங்க."