பாதிச் சாட்சி

சின்னராசா இன்றும் எழுந்துவிடுவாரோ என்பதே சுகிர்தனின் அச்சம்.

அவர் வழமைபோலக் கடைசி வரிசையில், தகரச் சுவரோரம், கதிரையின் நுனியில் அமர்ந்திருந்தார். சவரம் செய்த முகம். தோய்த்து உலர்ந்த வெள்ளைச் சட்டை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

தண்ணீரூற்று என்னும் ஊரிலுள்ள அந்தச் சிறிய ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. நோய் நீங்கியவர்களும், காணி வழக்கில் வென்றவர்களும், மகனுக்கு விசா கிடைத்தவர்களும் எழுந்துநின்று கர்த்தர் செய்த நன்மையைச் சபையாருக்கு அறிவிப்பார்கள்.

சின்னராசாவோ குடியை விட முயன்றுகொண்டிருப்பவர். அவரிடம் ஒரே சாட்சிதான் இருந்தது. அதையே ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார்.

"இந்தக் கிழமையும் விழுந்தனான். இந்தக் கிழமையும் எழும்பினனான். ஸ்தோத்திரம்."

இளம்பெண்கள் அதை அவரோடு சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்துச் சிரிப்பார்கள். யாரேனும் சைக்கிளிலிருந்து விழுந்தாற்கூட அந்த வசனத்தைச் சொல்லிப் பகிடி விடுவது ஊரில் வழக்கமாகிவிட்டது.

இன்று அது கூடாது. வவுனியாவிலிருந்து தலைமைப் போதகர் வந்திருந்தார். ஆராதனையின் முடிவில் அவர் சுகிர்தனுக்கு எண்ணெய் பூசி, அவனைச் சபையின் மூப்பனாக நியமிக்கவிருந்தார். அதற்கு முன்னர் சுகிர்தன் சாட்சி சொல்லவேண்டும்.

ஆகையால் வாசலிலேயே அவன் சின்னராசாவை மறித்திருந்தான்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் எழும்பாதேங்கோ. வெற்றிச் சாட்சி மட்டுந்தான்."

அவர் கோபிக்கவில்லை.

"ஓம் தம்பி. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

சுகிர்தன் சொல்லவிருந்தது நீடிய பொறுமையைப் பற்றி. முன்கோபியாக இருந்த தன்னைக் கர்த்தர் படிப்படியாகப் பக்குவப்படுத்தியதைப் பற்றி. ஒரு காலத்தில் அவன் சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்ததும், அவன் மனைவி தாட்சாயினி அயல்வீட்டில் போய் அழுததும் ஊரறிந்த கதை. அந்தச் சுகிர்தனா இவன் என்று இப்போது பலரும் வியந்தார்கள். அந்த வியப்பே அவனை இந்த நாள்வரை கொண்டுவந்திருந்தது.

பாடல் முடிந்தது. எப்போதும் தாட்சாயினி கையால் தட்டும் தம்புரு மேளத்தை இன்று வினோஜா என்ற பெண் தட்டினாள். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தபோதும் தாட்சாயினி அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தலைமைப் போதகர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்.

சுகிர்தன் எழுந்தான். மடிப்புக் கலையாத சட்டையை இழுத்துச் சரிசெய்தான். பெண்கள் பக்கம் அவன் பார்வை தானாகவே சென்றது. தாட்சாயினி தான் அமர்ந்திருந்த பாயின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தாள். சேலைத் தலைப்பு அவள் மடிமீது கிடந்தது.

பலமுறை சொல்லிப் பார்த்துவைத்த முதல் வசனம் வரவில்லை.

"இந்தக் கிழமையும் விழுந்தனான்," என்றான்.

சபை ஒருகணம் திகைத்தது. பிறகு வினோஜா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிற்று. அது யாருடைய வசனம் என்று எவரோ தலைமைப் போதகரின் காதில் சொன்னார்கள், அவரும் சிரித்தார்.

கடைசி வரிசையில் சின்னராசா சிரிக்கவில்லை. மீதிப் பாதிக்காகக் காத்திருப்பவர்போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தனின் காதுகள் எரிந்தன. அவனும் சிரித்தான்.

அதன்பின் சாட்சி தடையின்றி வந்தது. எறிந்த கோப்பையும், மனைவியின் கண்ணீரும், கர்த்தரின் கிருபையும் உரிய இடங்களில் வந்து நின்றன. அவன் முடித்தபோது கைதட்டல் தகரக் கூரையை அதிரவைத்தது. அவன் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவேயில்லை.

தலைமைப் போதகர் எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். மூப்பனாகிறவனோடு மனைவியும் முழந்தாளிடுவதே முறை என்று சொல்லித் தாட்சாயினியையும் அழைத்தார்.

அவள் வந்து அவனருகே முழந்தாளிட்டாள்.

இருவரையும் கைகளைக் குவிக்கச் சொன்னார். தாட்சாயினி தயங்கினாள். அவர் அன்போடு மறுபடியும் சொன்னார். சேலைத் தலைப்பு விலகிற்று.

அவளது வலப் புறங்கையில் பற்பசை வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. அதன் ஓரமெங்கும் தோல் கொப்புளித்துப் பொங்கியிருந்தது.

காலையில், இந்தச் சட்டையின் கழுத்துப்பட்டி சரியாக மடிபடவில்லை என்று அவன் தட்டிவிட்ட கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

போதகர் குனிந்து பார்த்தார். அவர் கேட்குமுன்னரே தாட்சாயினி சிறு புன்னகையோடு மறுமொழி சொன்னாள்.

"தேத்தண்ணி ஊத்தேக்க கை வழுக்கியிட்டுது, ஐயா."

போதகர் இரக்கத்தோடு தலையசைத்தார். எண்ணெய் தொட்ட விரலைச் சுகிர்தனின் நெற்றியருகே கொண்டுவந்தார்.

சுகிர்தன் முகத்தை விலக்கிக்கொண்டான்.

"விழுந்தனான் எண்டு நான் பகிடிக்குச் சொல்லேல்லை, ஐயா," என்றான்.