பெருச்சாளி பேசிய பேரம்

"எவனோ ஒரு சோம்பேறி செய்யாம விட்ட வேலைக்கு நான் ஏன் தண்டம் அழணும்?" என்று கத்திக்கொண்டே பெருச்சாளி பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தது. அதன் தேங்காய்க் கம்பெனி ஆண்டறிக்கை தாக்கல் செய்யவில்லை. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தேங்காய் அபராதம். இப்படியே விட்டால் கம்பெனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள்.

சந்தையில் எவனையும் பாதி விலைக்கு இறக்கிவிடும் வாய் அது. "நாளுக்கு அரைத் தேங்காய்னு முடிச்சுக்குவோம், சார்" என்று ஆரம்பித்தது. பதிவாளர் ஆமை நிதானமாகக் கேட்டது. தினமும் பெருச்சாளி வந்தது, மேசையைக் குத்தியது, போனது. கடைசியில் ஆமை இறங்கி வந்தது.

"சரிங்க, பாதியே கட்டுங்க. ஆனா நீங்க பேசிக்கிட்டே இருந்ததுல நாள் மூணு மடங்காயிடுச்சு. அறிக்கை இன்னும் வரலை."

பெருச்சாளிக்கு மீசை துடித்தது. "அதைக் கொடுக்க வேண்டிய ஆள் யாருன்னு சொல்லுங்க, தோலை உரிக்கிறேன்."

"உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை பேருங்க?"

பெருச்சாளி யோசித்தது. வளை தோண்டியதும், தேங்காய் உருட்டியதும், முதலாளி என்று நெஞ்சை நிமிர்த்தியதும் அது ஒன்றேதான்.

ஆமையின் ஓட்டுப் பளபளப்பில் தெரிந்த தன் முகத்தைப் பெருச்சாளி முறைத்துப் பார்த்தது.

"யோவ், வாயை மூடிக்கிட்டு இன்னிக்காவது அந்த அறிக்கையை எழுதிக் கொடுய்யா."