நாலாவது திருகாணி

“நீ எப்பத்தாண்டி இந்த ரூமை விட்டு வெளிய போவே?”

அண்ணி யோகம்மா ஒருநாள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்ட கேள்வி. ஜெயலெட்சுமிக்கு அது இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விருப்பப்பட்டா அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

நான்காம் படிவத்தில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அண்ணன் சற்குணம் அவளைத் தன் டைப்பிங் கடையின் மேல்மாடியில் உட்கார வைத்தான். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகள் மேசையில் குறையவே குறையாது. ஏர்கான் குளிர் போய்விடும் என்று சொல்லி, அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவான். கம்ப்யூட்டர் ஓடும்வரை அவளுக்குக் கதவு திறக்காது.

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒரு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்தது. பாதிப் பக்கம் அடிக்கும்போதே திரை கறுத்துவிடும். இன்று காலை பட்டனை அமுக்கினால் ‘பீப், பீப், பீப்’ என்று கத்தியதோடு சரி, எழுந்திருக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அப்துல் ரசாக் வந்து தரையில் மண்டியிட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான், வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தான், உள்ளே தூசியை ஊதினான். எப்போதும்போல டார்ச் பிடித்தது அண்ணிதான்.

“இந்தச் சீப்பு மாதிரி இருக்கறதுதானே தம்பி அன்னிக்கும் கழண்டிருந்துச்சு?”

“ஆமாக்கா, மெமரி. ஒரு நூல் அளவு எழும்புனா போதும், மெஷின் படுத்துக்கும்.”

“ஒனக்கு இதெல்லாம் எதுக்கு? லைட்டை நேரா காட்டு!” என்று அதட்டினான் சற்குணம்.

ரசாக் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “அண்ணே, போன வாரம் நான் நாலு ஸ்க்ரூ போட்டுதான் மூடுனேன். இன்னிக்கு மூணுதான் இருந்துச்சு. யாரோ தொறந்திருக்காங்க லா.”

 சற்குணம் மெல்லத் தங்கை பக்கம் திரும்பினான்.

“கையை விரி.”

விரித்தாள். ஒன்றுமில்லை. அவன் இழுப்பறையைக் கவிழ்த்தான், பென்சில் டப்பாவைக் கொட்டினான், நாற்காலி மெத்தையை உதறினான்.

“சத்தியமா நான் தொடலண்ணே.”

அது உண்மைதான். ஆனால் திரை கறுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியதே, அதுவும் உண்மைதான். அதனாலோ என்னவோ, குரல் திருடியின் குரல்போல நடுங்கியது.

“பாருங்க, முழியே சரியில்ல” என்றாள் அண்ணி. “ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே வித்துருவா இவ.”

“மெமரி செருகுற எடத்துல காலு வளைஞ்சிருக்குண்ணே. கடைக்குத் தூக்கிட்டுப் போறேன், திங்கக்கிழமைதான் கிடைக்கும்” என்று ரசாக் பெட்டியை மூடினான். “சீக்கிரம் லா அண்ணே. குளிச்சிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போகணும்.”

“சரி. திங்கக்கிழமை வரைக்கும் நீ இந்த ரூம்லயே கெட!” என்று அண்ணன் அவளைப் பார்த்துக் கத்தினான்.

ஜெயலெட்சுமி சுவரோடு ஒண்டினாள். திங்கட்கிழமை எதற்கு? எல்லாம் இன்றோடு முடிந்துவிடும்.

பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மைத் தனியாக எழுதுகிறவர்கள் பெயர் கொடுக்க இன்றே கடைசி நாள். பழைய வகுப்புத் தோழி ஹாஜரா செவ்வாய்க்கிழமை கீழே கடையோர ஐந்தடி நடைபாதையில் நின்று கத்திச் சொன்னாள்: “ஜெயா, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி ஐ.சி. எடுத்துக்கிட்டு நேர்ல வந்துரு. கல்வி இலாகா வாசல்ல நிப்பேன்.”

“அவ எங்கயும் வரமாட்டா, போ போ!” என்று வாசலில் தண்ணீரை வீசி விரட்டியது அண்ணிதான். அவளுடைய அடையாள அட்டையான ஐ.சி.யோ அண்ணனின் இரும்பு அலமாரியில் கிடந்தது.

“என்னங்க, சும்மா ஒக்கார வச்சு ஏர்கானுக்குக் கரண்டு பில்லு கட்டவா?” அண்ணி டார்ச்சை அணைத்தாள். “எங்கிட்ட விடுங்க. கூடையைத் தூக்கிக்கிட்டு சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு நடக்கட்டும். நான் சொல்ற மீனு கெடைக்காம வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வெயில்ல காஞ்சாதான் இவளுக்குப் புத்தி வரும்.”

“என்னவோ பண்ணு” என்றான் சற்குணம். கோபம் தீராமல் கம்ப்யூட்டரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ரசாக்கோடு படியிறங்கினான்.

கீழேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. காலையில் தலைமுழுகிய அண்ணியின் கூந்தலில் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் பிரம்பில் பின்னிய ரோத்தான் கூடையைக் கொண்டுவந்து ஜெயலெட்சுமியின் கையில் திணித்தாள்.

“அண்ணி… இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நம்ம வீட்டுல மீனு…”

 அண்ணியின் கண் ஒருமுறை கூடைக்குள் போய்வந்தது.

ஜெயலெட்சுமி குனிந்து, அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கினாள். அவளுடைய நீல ஐ.சி. இருந்தது. அதன்மேல், மூக்குத்தி அளவில், ஒரு திருகாணி.

அவள் நிமிர்ந்தபோது, அண்ணி கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.